கேட் பிள்ளையார் அருகே ஒரு குலுக்கல்

தூத்துக்குடிக்காரனை மீன் இல்லாமல் பத்து நாள் வைத்திருப்பது பாவம். அந்தப் பாவத்தை சேலம், நாமக்கல் பக்கத்து மனிதர்கள் எனக்குச் செய்தார்கள். ஆனால் பத்து நாளில் ஒருவேளைகூட என்னைப் பசியோடு விடவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியம் தெரியவரும்போது, சோறு போட்ட ஊருக்கு இப்படியா ஒருவன் செய்வான் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

போன வேலை இதுதான். சென்னையில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் கம்பெனி எங்களுடையது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி செய்திருக்கிறோம். உள்ளே அசைவை உணரும் சென்சார் இருக்கிறது. ஓடுகிற ரயிலில் அதை வைத்துவிட்டால், தண்டவாளம் எங்கே தாழ்ந்திருக்கிறது, எங்கே கோணியிருக்கிறது என்று குலுக்கலை வைத்தே கண்டுபிடிக்கும். இடத்தையும் குறித்துக்கொண்டு என் மடிக்கணினிக்கு அனுப்பிவிடும். நல்ல தண்டவாளம் பச்சைக் கோடு, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகப் போகும் பாசஞ்சர் வண்டியில் பத்து நாள் வைத்துப் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. கம்பெனியில் எனக்குத்தான் வயது அதிகம், ஐம்பத்து நாலு. ‘அண்ணன் போகட்டும், ஊர் சுற்றின மாதிரியும் இருக்கும்’ என்று மற்ற மூவரும் என்னைத் தள்ளிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் இறங்கியதும் முதல் வேலையாகத் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு குட்டித் தட்டைகளுக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், இரண்டு வகைச் சட்னி. நான் அதைப் பாதி பாதியாகக் கடித்து நாகரிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்னி சட்டையில் இறங்கியது.

பக்கத்தில் நின்றவர், “கடிக்கப்படாதுங்க. அப்படியே உள்ள தள்ளிரோணும்” என்று தன் வாயைத் திறந்து செய்முறை விளக்கமே கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவனுக்காக வாயை அவ்வளவு அகலமாகத் திறந்தவர் அவர். எங்கள் பக்கம் பரோட்டாக் கடையில் இப்படித் தடுமாறினால் சுற்றி நின்று சிரிப்பார்களே தவிர சொல்லித்தர மாட்டார்கள்.

பெட்டியைச் சக்கரத்து அச்சிலேயே மாட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்கு அனுமதி இல்லை, கோச்சின் தரைதான் கொடுத்தார்கள். நடுவில் இருந்த ஒரு கோச்சைத் தேர்ந்தெடுத்து, வாசலை ஒட்டி, சக்கரங்களுக்கு நேர் மேலே, இருக்கைக்கு அடியில் திருகி வைத்தேன். அன்று வண்டி காலியாக இருந்தது. ஒரு பக்கம் கொல்லிமலை கூடவே வர, மறு பக்கம் மரவள்ளிக் காடும் தென்னையும் நீள நீளமான கோழிப் பண்ணைக் கொட்டகைகளும் ஓடின. நாமக்கல் வரைக்கும் பச்சைக் கோடு. முகம் மலர்ந்து இறங்கினேன்.

அந்த ஒரு பயணத்தோடு நான் ரயில் ஏறுவதை நிறுத்திக்கொண்டேன். பெட்டிதான் தினமும் காலையில் போய் மாலையில் திரும்புகிறதே, கூடவே நான் எதற்கு என்பது என் கணக்கு. நாமக்கல்லில் எடுத்த லாட்ஜில் உட்கார்ந்தபடி கோட்டைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

லாட்ஜுக்குப் பின்னால் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. பொழுது விடிந்ததும் தகரம் அடிக்கும் சத்தம் ஆரம்பித்துவிடும். எதிரே ஒரு மெஸ். அதை நடத்துகிற அம்மா என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் முதல் வேளையிலிருந்தே நான் அவருக்கு ‘சாமி’தான். கொள்ளுப் பருப்பு, அரிசிம்பருப்புச் சோறு, தேங்காய்ச் சில்லும் மிளகாயும் போட்டு வதக்கிய பள்ளிபாளையம் கோழி என்று வந்துகொண்டே இருக்கும். எது வந்தாலும் அதன் தலையில் ஒரு முட்டை இருக்கும்.

“முட்டை வேண்டாம்மா” என்றேன் மூன்றாவது வேளையில்.

“முட்டை வேண்டாம்னு சொல்றதுக்கு ஏனுங்க சாமி நாமக்கல்லுக்கு வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, இன்னொன்றையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை, மெஸ்ஸில் இட்லியோடு மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தபோது சிவப்புக் கோடு எழுந்தது. ராசிபுரம் தாண்டி, நாமக்கல்லுக்கு முன்னால், ஒரே ஓர் இடத்தில் மட்டும். மாலையில் வண்டி அதே தண்டவாளத்தில் திரும்பியபோது அங்கே பச்சை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. காலையில் சிவப்பு, மாலையில் பச்சை. புதன்கிழமையும் அதே.

என் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. வைத்தியனுக்கு நோயாளி கிடைத்த மகிழ்ச்சி அது. காலையில் மட்டும் ஏன் காட்டுகிறது என்ற கேள்விக்கு, ஒரு திசையில் போகும்போது மட்டும் குதிக்க வைக்கும் குறைகள் உண்டு என்று புத்தகத்தில் படித்த பதிலை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். வெளியே வெயில் காய்ந்தது. புதன்கிழமை மெஸ்ஸில் மேச்சேரி ஆட்டுக் கறி வேறு. சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, மாலையில் அறிக்கை எழுதி அனுப்பினேன். ‘தண்டவாளத்தில் கடுமையான குறை, உடனடிக் கவனம் தேவை.’

வியாழக்கிழமை மதியம் அந்தப் பகுதியின் செக்‌ஷன் இன்ஜினியர் போனில் கூப்பிட்டார். ஆத்தூர்க்காரர். ஊர் வழக்கமான ‘ங்க’ அவர் பேச்சில் அதிகம் வராது.

“சார், உங்க ரிப்போர்ட் பாத்தேன். ஆளுங்கள அனுப்பிக் கல்லைக் கிளறிக்கூட பாத்தாச்சு. ஒண்ணும் தெரியல. ஆனா மெஷினு மூணு நாளா ஒரே இடத்த காட்டுதுன்னா சும்மா விட முடியாது. காஷன் போட்டாச்சு. இனிமே வண்டி அங்க ஊந்துதான் போகும்.”

“ரொம்ப நல்லது சார்” என்றேன்.

“அந்த பீட்டு கீமேனுக்கு மெமோவும் குடுத்தாச்சு. தினம் நடந்து பாக்குற ஆளு கண்ணுல இது எப்பிடிப் படாம போச்சுன்னு.”

கீமேன் என்பவர் தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் கொடியுமாகத் தன் பங்குத் தண்டவாளத்தைத் தினமும் நடந்தே சரிபார்க்கும் ஊழியர். யாரோ ஒரு மனிதரின் கண்ணை என் பெட்டி ஜெயித்துவிட்டது. அன்று மெஸ்ஸில் இரண்டு முட்டையையும் மறுக்காமல் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெருமிதத்துக்கு ஆப்பு விழுந்தது. சிவப்புக் கோடு முந்தைய நாட்களைப்போல இரண்டு மடங்கு உயரம் போயிருந்தது.

இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பள்ளமான சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டினால் குலுக்கல் குறையும். அதற்காகத்தானே மெதுவாக ஓட்டுகிறோம்? ரயில் ஆமைபோல ஊர்ந்து போயும் அங்கே குலுக்கல் கூடுகிறது என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று, அடியில் மண்ணே சரிந்துகொண்டிருக்க வேண்டும். இல்லை, நான் பார்த்தது தண்டவாளமே இல்லை. இட்லியைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

“ஏனுங்க சாமி, சட்னி ஆகலீங்களா?” என்று மெஸ் அம்மா பதறினார். அவருக்குத் தெரிந்த ஒரே விபத்து அதுதான்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? நான் ஏறிய பஸ் பைபாஸில் பறக்கும் பஸ். நடுவில் எங்கும் நிற்காதாம். நடத்துநர் என் முகத்தைப் பார்த்து இரங்கி, ஒரு பாலத்தடியில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நிழல் என்ற பேச்சே இல்லாத சாலையில் ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். பின்னால் வந்த முட்டை வேன் ஒன்று தானாகவே நின்றது. நான் கையைக்கூட நீட்டவில்லை.

அடுக்கடுக்காக முட்டை ஏற்றிய வேன். ஓட்டுநர் சாலையைப் பார்ப்பதாகவே தெரியவில்லை. என்னோடு பேசிக்கொண்டே எந்த இடத்தில் பிரேக், எந்த இடத்தில் ஓரம் என்று கை தானாகச் செய்தது. என் வேலையைச் சொன்னேன். குலுக்கலை அளக்கும் பெட்டி என்றேன்.

“என்ற வண்டிக்கு முட்டைதானுங்க மீட்டரு” என்று அவர் சிரித்தார். “எறக்குறப்ப எத்தன ஒடஞ்சிருக்குதுன்னு பாத்தா போதுமுங்க. ஆனா ஒண்ணுங்க சார். ரோட்டுனால ஒடஞ்சுதா, அடுக்குனவன் சரியா அடுக்காம ஒடஞ்சுதான்னு பாக்கோணும். அதப் பாக்காம ரோட்டத் திட்டப்படாதுங்க.”

அப்போது எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

நான் தேடிவந்த இடத்தில் முன்பு லெவல் கிராசிங் கேட் இருந்ததாம். இப்போது கேட்டை எடுத்துவிட்டுக் கீழே சுரங்கப்பாதை போட்டுவிட்டார்கள். தண்டவாளத்தை ஒட்டி ஒரு வேப்பமரம், அதனடியில் ஒரு பிள்ளையார். கேட் போன பிறகும் அவர் பெயர் கேட் பிள்ளையார்தான். மர நிழலில் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒரு பெண் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் நீளக் கைப்பிடிச் சுத்தியல் சாய்த்து வைத்திருந்தது.

என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். “நீங்கதானுங்களா அந்தப் பொட்டிக்காரரு?”

“ஆமாம்மா. இந்தப் பக்கம் கீமேன் ஒருத்தர்...”

“நானேதானுங்க. மேகலா.” என் முகம் போன போக்கைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். “பொம்பளையா இருந்தாலும் ரயில்வேயில கீமேன்தானுங்க.”

இடத்தைப் பார்க்க வந்தேன் என்று மென்று விழுங்கினேன். அவர் தூக்குச்சட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்தார். கயிற்றை நீட்டிப் பிடித்து வளைவு பார்த்தோம். இரு தண்டவாளத்துக்கும் நடுவே அகலம் அளந்தோம், உயரம் அளந்தோம். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப்புகளை அவர் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். ஒன்றுகூடத் தளர்ந்த சத்தம் தரவில்லை. தரையில் படுத்து, கன்னத்தைச் சூடான தண்டவாளத்தில் வைக்காத குறையாக நீளவாக்கில் பார்த்தேன். கோடு போட்டதுபோல நேராகக் கிடந்தது.

“தினம் இதுமேல நடக்குறனுங்க. என்ற காலுக்குத் தெரியாத பள்ளமுங்களா?” என்றார். குரல் உயரவில்லை. எனக்கு அது இன்னும் சங்கடமாக இருந்தது.

மரத்தடிக்குத் திரும்பிய பிறகு மெதுவாக விஷயம் வந்தது. அவர் கணவர் மேச்சேரியில் ஆடு வளர்க்கிறார். இரண்டாவது படிக்கும் மகளும் அங்கேதான். வார ஓய்வுக்கு மட்டும் மேகலா போய்வருவார். ஓமலூர்ப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்து நாலு வருடம் ஆகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை மாற்றல் பட்டியல் வருகிறது. அதில் அவர் பெயர் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

“மெமோ நிலுவையில இருந்தா பேர எடுத்துருவாங்க. அப்புறம் எப்ப வருமோ தெரியாதுங்க. பாப்பாகிட்ட வெள்ளிக்கிழமைன்னு சொல்லிப்போட்டேன். செவுத்துல கோடு போட்டு எண்ணிக்கிட்டு இருக்குதுங்க.”

அங்கே மேச்சேரியில் ஒரு சுவரில் கோடு, இங்கே என் மடிக்கணினியில் ஒரு கோடு. வெட்கமாக இருந்தது. வேறு சொல் போட்டு மழுப்ப விரும்பவில்லை, வெட்கம்தான்.

அவர் தூக்குச்சட்டி மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினார். தக்காளிச் சோறும் ஒரு அவித்த முட்டையும். நான் மறுத்தேன்.

“என்மேல கோபம் இருக்கும்ல?” என்றேன்.

“கோவம் இல்லாம இருக்குமுங்களா? இருக்குதுங்க. அதுக்காக, சோத்து நேரத்துக்கு வந்த ஒறம்பரையப் பட்டினி போட முடியுமுங்களா? சாப்புடுங்க.”

ஒறம்பரை என்றால் அந்தப் பக்கம் விருந்தாளி. அந்த முட்டையை நான் மறுக்கவில்லை. அப்படி ஒரு சோற்றை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்னப் போவதில்லை.

சனிக்கிழமை காலை, நாமக்கல் வண்டி வரும் நேரத்துக்கு முன்பே அங்கே போய்விட்டேன். நேற்றைய முட்டை வேன்காரரே லாட்ஜ் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் இல்லை என்று இறங்கும்போதுதான் தெரிந்தது. மேகலா கொடியோடு நின்றார். நான் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு நின்றேன். சக்கரம் அந்த இடத்தில் எப்படி இறங்குகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

வண்டி ஊர்ந்து வந்தது. முதல் கோச் போனது. சக்கரத்தையே பார்த்தேன், ஓர் அசைவும் இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். பெட்டி வைத்த கோச் வந்தது. கீழே சக்கரம் சொகுசாகத்தான் உருண்டது. தற்செயலாகத் தலையை நிமிர்த்தினேன்.

ஜன்னல் முழுக்கத் தலைகள். எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் கீழே போய் மறைந்தன. ஒரே நேரத்தில் மேலே வந்தன. மறுபடி மறைந்தன. மறுபடி வந்தன. வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வலது கையால் இடது காதையும் இடது கையால் வலது காதையும் பிடித்துக்கொண்டு, பிள்ளையாரைப் பார்த்து, குறையாமல் முப்பது பேர் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெட்டிக்கு நேர் மேலே.

“இது... இது என்னம்மா?”

“பரீட்சை மாசமுங்க சார்” என்றார் மேகலா, வண்டிக்குப் பச்சைக் கொடியைக் காட்டிக்கொண்டே. “காலை வண்டியில தினமும் போடுவாங்க. லீவு நாள்ல வரமாட்டாங்க. இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்குமுங்க.”

“உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?”

“தெரியாமீங்களா? தினம் பாக்குறனே. உங்க பொட்டி தண்டவாளத்தப் பாக்குதுன்னுதான சொன்னாங்க. பசங்களையும் பாக்கும்னு யாருங்க சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் மெஸ்ஸில் மேச்சேரி ஆட்டுக் கறி தின்றுகொண்டிருந்தான்.

அங்கேயே பிள்ளையார் மேடையில் உட்கார்ந்து, கோட்டுக்கு அடியில் இருக்கும் மூலப் பதிவைத் திறந்தேன். எங்கள் மென்பொருள் ஒவ்வோர் இடத்திலும் எல்லாக் குலுக்கலையும் சேர்த்து ஒரே கோடாகக் காட்டும். அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்றால் தனியாகத் திறக்க வேண்டும். நான் திறக்கவே இல்லை. இப்போது திறந்தால், திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளும் சம இடைவெளியில் மூன்று மேடுகள். வெள்ளிக்கிழமை பதினொன்று. இப்போது வந்து இறங்கிய பதிவிலும் பதினொன்று. எந்தச் சக்கரமும் இப்படி மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் குதிக்காது. மற்றவர்களுக்குப் பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்காக முடியும். எனக்குக் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்தது.

மேகலாவும் எட்டிப் பார்த்தார். மேடுகளை விரலால் எண்ணினார். பிறகு முதல் முறையாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத நம்புவாங்களா சார்?” என்று கேட்டார்.

அதே கேள்வியைத்தான் செக்‌ஷன் இன்ஜினியரும் போனில் கேட்டார். “தோப்புக்கரணத்தாலனு காயிதத்துல எழுதினா மேல சிரிப்பாங்க சார். எனக்கு அத்தாட்சி வேணும். திங்கக்கிழமை நானே வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு ஒரே பயம். திங்கட்கிழமை பிள்ளைகள் போடாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது? கேட் பிள்ளையாரிடமே போய் வேண்டிக்கொண்டேன். ஒரு சென்சார் கம்பெனிக்காரன், தன் சென்சார் தவறு என்று நிரூபிக்கச் சொல்லிப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டது உலகத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

திங்கட்கிழமை காலை ராசிபுரத்தில் இன்ஜினியரும் நானும் ஏறினோம். கைவசம் இருந்த இரண்டாவது பெட்டியை முதல் கோச்சில், இதேபோல வாசலை ஒட்டி வைத்தேன். அங்கே கோழிப் பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நடுக் கோச்சுக்கு வந்தோம். கையில் புத்தகத்தோடு முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“இது எப்பம்மா ஆரம்பிச்சது?”

“எங்க சீனியருங்க போட்டாங்க அங்கிள். ஒரு வருசம் போடாம விட்டாங்களாம், அந்த வருசம் ஃபிசிக்ஸ் கொஸ்டின் பேப்பர் அழுக வெச்சுப்போட்டுதாம்.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மூணுதானுங்க கணக்கு. வண்டி வெசையா போயிரும், அதுக்குள்ள மூணுக்கு மேல முடியாது. இப்ப கொஞ்ச நாளா பிள்ளையாரே வண்டிய மெதுவா போக வெச்சிருக்காருங்க. அதனால பதினொண்ணு போடுறோம். இன்னைக்கு கணக்குப் பரீட்சை. கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க அங்கிள்.”

வண்டியை மெதுவாகப் போக வைத்தது யார் என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

பிள்ளையார் வந்தார். முப்பது பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். தரை அதிர்ந்தது என் செருப்புக்கே தெரிந்தது. இன்ஜினியர் வாய்விட்டு எண்ணினார், பதினொன்று. மடிக்கணினியில் இரண்டு கோடுகள். அதே வண்டி, அதே தண்டவாளம், அதே இடம். முதல் கோச் பச்சை, நடுக் கோச் வானத்துக்கும் பூமிக்குமாகச் சிவப்பு. இன்ஜினியர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் குலுங்கியதும் எங்காவது பதிவாகியிருக்கும்.

நாமக்கல் பிளாட்பாரத்தில் நின்றபடியே கடிதம் எழுதிக் கொடுத்தேன். தண்டவாளத்தில் குறை இல்லை, கீமேன் கடமையில் குறை இல்லை, நேரில் பார்க்காமல் எழுதியது என் குறை. காரணம் என்ற இடத்தில் ‘பயணிகள் தோப்புக்கரணம்’ என்றே எழுதினேன்.

“சிரிப்பாங்க சார்” என்றார் இன்ஜினியர்.

“சிரிக்கட்டும் சார். அவங்க பேரு லிஸ்ட்ல வரணும்.”

அவர் நல்ல மனிதர். அன்று மாலைக்குள் காஷனை எடுத்து, மெமோவையும் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அவரே கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் அந்தத் தாள் பட்டியல் போடுகிற மேசைக்கு வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேருமா என்று கேட்டதற்கு, “அனுப்பிட்டேன் சார். அதுக்கு மேல என் கையில இல்ல” என்றார்.

செவ்வாய்க்கிழமை கடைசி நாள். பெட்டியைக் கழற்ற வேண்டும். மெஸ் அம்மா வழிக்கு ஆறு அவித்த முட்டைகளை இலையில் கட்டிக் கொடுத்தார். “போய்ட்டு வாங்க சாமி. அடுத்த வாட்டி எங்கூட்டுக்காரர காவேரிக்கு அனுப்பியாச்சும் மீனு வாங்கி வெக்கறனுங்க” என்றார். நான் மீனுக்கு ஏங்கியது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

ராசிபுரத்தில் ஏறி, நடுக் கோச்சின் வாசலில் நின்றேன். வண்டி இப்போது பழைய வேகத்தில் போனது. வேப்பமரம் தூரத்தில் தெரிந்ததும் பிள்ளைகள் காதைப் பிடித்துக்கொண்டு வலது வாசல் பக்கம் திரும்பினார்கள். நான் இடது வாசல் பக்கம் பார்த்தேன். அங்கேதான் தண்டவாளத்துக்கு வெளியே ஒதுங்கி, ஆரஞ்சுச் சட்டையோடு பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு மேகலா நின்றார்.

ஐம்பத்து நாலு வயது முழங்காலை நம்பி நானும் காதைப் பிடித்தேன். ஒன்று. மேகலாவின் கொடி அப்படியே நின்றுபோனது. இரண்டு. மூன்றாவதில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை, பொத்தென்று பின்பக்கமாக விழுந்தேன். கணக்குப் பரீட்சைப் பெண்ணும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். வண்டி வெகுதூரம் வந்துவிட்டது.

நாமக்கல்லில் பெட்டியைக் கழற்றும் முன் பதிவைப் பார்த்தேன். சம இடைவெளியில் மூன்று மேடுகள், அவற்றை ஒட்டி எதிலும் சேராத ஒரு பெரிய மேடு. மென்பொருள் வழக்கம்போல ‘கடுமையான குறை’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. இந்த முறை அது சரியாகத்தான் சொன்னது. காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

சென்னைக்கு வந்து பெட்டியில் சில மாற்றங்கள் செய்தோம். முக்கியமான மாற்றம் பெட்டியில் இல்லை. சிவப்புக் கோடு வந்தால், அந்த இடத்தில் தினமும் நடக்கிறவரிடம் பேசாமல் அறிக்கை அனுப்பக் கூடாது என்று நாலு பேரும் முடிவு செய்தோம்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மத்தியானம் வஞ்சிரக் குழம்பு முன்னால் இருந்தது. பத்து நாள் ஏங்கிய மீன், இறங்கவில்லை. மாலையில்தான் மணி அடித்தது.

“பேரு வந்துருச்சுங்க சார்!” மேகலாவின் குரல். பின்னால் ஒரு சின்னப் பிள்ளை கத்துவதும் ஆடுகள் கத்துவதும் கேட்டன. “ஓமலூர்ப் பக்கமுங்க. இனிமே பொழுதோட ஊட்டுக்கு வந்துருவனுங்க.”

ரொம்ப சந்தோஷம் என்று நாலைந்து முறை சொல்லியிருப்பேன்.

“ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க” என்றார். “அன்னைக்கு வண்டியில தோப்புக்கரணம் போட்டீங்களே, பிள்ளையாரு அந்தப் பக்கமுங்க சார். நீங்க இந்தப் பக்கம் பாத்துப் போட்டுட்டீங்க.”

“தெரியும்மா” என்றேன்.